மேஸ்திரி முதல் மேனேஜர் வரை: மலையில் வேலை வாங்குகிறவர்களுக்கு ஓர் அன்பு வழிகாட்டி

நீலகிரியில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறவர் யாராக இருந்தாலும் இது அவருக்குத்தான். குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறவர், கோத்தகிரியில் கொழுந்துக்கு ஆள் கூட்டிப் போகிற மேஸ்திரி, ஊட்டியில் காட்டேஜ் நடத்துகிறவர், வர்க்கி பிஸ்கட் சுட அடுப்பு போட்டிருக்கிறவர், கூடலூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்குப் பொறுப்பாக இருக்கிறவர். "ஆட்களிடம் அன்பாக இருங்கள்" என்று உங்களிடம் பலர் சொல்லியிருப்பார்கள். எப்படி என்று யாரும் உட்கார்ந்து சொல்லியிருக்க மாட்டார்கள்.

வேலையிடத்தில் அன்பைப் பெரும்பாலும் ஏற்பாடுகளில்தான் காட்ட முடியும் என்பது என் கட்சி. சம்பளத் தேதியில், ஷிப்ட் பட்டியலில், எடைத் தராசில், கடைசி பஸ் நேரத்தில். சிரித்த முகமும் கூட இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் வண்டி ஓடும். சிடுமூஞ்சி மேனேஜரிடம் வருஷக்கணக்கில் மனசார வேலை பார்த்தவர்களை இந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். தேனாகப் பேசிவிட்டு மூன்று மாதச் சம்பளத்தை இழுத்தடித்தவர்களையும் தெரியும்.

இதெல்லாம் மனசாட்சிக்காக மட்டுமா, தொழிலுக்கும் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். சிகல் பார்சேட், ஒலிவியா ஓ'நீல் என்ற இரண்டு பேராசிரியர்கள் அமெரிக்காவில் நீண்டகால நோயாளிகளைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தை 16 மாதங்கள் கவனித்து, 2014இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 185 ஊழியர்கள், 108 நோயாளிகள், 42 குடும்பத்தினர். ஊழியர்கள் ஒருவரோடு ஒருவர் கனிவாகவும் அக்கறையாகவும் நடந்துகொண்ட பிரிவுகளில் லீவு போடுவது குறைவாக இருந்தது, மனச்சோர்வும் குறைவாக இருந்தது. நோயாளிகளின் மனநிலை மேலாக இருந்தது. அவசர சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் குறைந்தது. நர்ஸுகள் தங்களுக்குள் காட்டிய அன்பு கட்டிலில் படுத்திருப்பவரைப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஹோட்டல் நடத்துகிறவர்கள் இந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கலாம்.

சரி, வேலைக்கு வருவோம்.

1. முதலில் கணக்கை நேராக்குங்கள்

கணக்கு சரியில்லாத இடத்தில் அன்பு பேசினால் ஆட்கள் அதை நடிப்பு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் எடுத்துக்கொள்வதும் சரிதான். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கையில் இருக்க வேண்டும். கூடுதல் நேர வேலைக்கு இரண்டு மடங்குக் கூலி தர வேண்டும். இரண்டையும் சட்டமே சொல்கிறது. இதில் இன்னும் நிலுவை வைத்திருந்தால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு அதை முடித்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது தராசு. தேயிலையில் நம்பிக்கை உடைகிற முதல் இடம் அதுதான். மழை நாளில் கொழுந்து நனைந்திருக்கும், ஈரத்துக்கும் சாக்குக்கும் எடை கழிப்பார்கள். கழிப்பதில் தப்பில்லை. எவ்வளவு கழிக்கிறார்கள் என்பது மேஸ்திரியின் வாயில் மட்டும் இருப்பதுதான் தப்பு. தராசின் முகத்தைப் பறித்தவர் பக்கம் திருப்பி வையுங்கள். வெயிலுக்கு இவ்வளவு, தூறலுக்கு இவ்வளவு, கொட்டும் மழைக்கு இவ்வளவு என்று கழிவை முன்கூட்டியே முடிவு செய்து, எடை போடும் இடத்தில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டுங்கள். எழுத்து படிக்காதவருக்காக எடையை ஒருவர் சத்தமாகச் சொல்லட்டும். நிர்ணயித்த கிலோவுக்கு மேல் பறித்தால் எவ்வளவு கூடுதல் கிடைக்கும் என்பதையும் அதே பலகையில் போடுங்கள். கால் கிலோ தகராறில் வருஷக்கணக்காகப் பேசாமல் இருக்கிற அக்காக்களும் மேஸ்திரிகளும் உண்டு. ஒரு பலகையும் சாக்பீஸும் அதைத் தீர்த்திருக்கும்.

ஊட்டி கமர்ஷியல் சாலையில் சாக்லேட், தைலம், ஸ்வெட்டர் விற்கிற கடைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. தமிழ்நாட்டில் 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை கட்டாயம் என்று கொண்டுவந்தார்கள். சீசனில் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருக்கும் பெண்ணுக்கு நீங்கள் தரும் ஒரு ஸ்டூல், வருஷ முடிவில் தரும் சேலையை விடப் பெரியது. அப்புறம், அதில் அவர் உட்காரும்போது முறைக்கவும் கூடாது.

2. ஒரு நோட்டு போடுங்கள்

உங்கள் கீழ் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். பெயர், ஊர் அல்லது ஹட்டி (படுகர் கிராமம்), வீட்டுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, பஸ் இறங்கி எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், வீட்டில் கைக்குழந்தையோ படுத்த படுக்கையாக யாராவதோ இருக்கிறார்களா, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது. இவ்வளவு போதும். சாதி, கட்சி, கடன், புருஷன் பெண்டாட்டிச் சண்டை எதுவும் நோட்டில் ஏறக்கூடாது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், எழுதாதீர்கள். நோட்டு உங்கள் மேஜைக்குள் பூட்டில் இருக்கட்டும்.

இந்த மலையில் நோட்டின் முக்கியமான வரி கடைசி பஸ்தான். ஏழு மணிக்கு மீட்டிங் முடிந்தால் ஊட்டி டவுனில் இருப்பவருக்கு ஒன்றுமில்லை. எடப்பள்ளிக்கோ கெங்கரைக்கோ போகிறவருக்கு, பஸ்ஸை விட்டுவிட்டு இருட்டில் தேயிலைக்குள் நடக்க வேண்டியிருக்கும். அந்த வழியில் காட்டெருமை நிற்கும், கரடி வரும், கூடலூர் பந்தலூர் பக்கம் என்றால் யானை. சமவெளியில் அரை மணி நேரத் தாமதம் என்பது வெறும் அரை மணி நேரம். இங்கே அது உயிர் சம்பந்தப்பட்டது.

ஆகவே ஷிப்ட் பட்டியலைப் பஸ் நேரத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். பஸ் 6.20 என்றால் 5.50க்குக் கை கழுவ விட வேண்டும். அதற்கு மேல் வேலை இருந்தால் ஜீப் உங்கள் செலவு. யாரோ ஒருவர் பைக்கில் கொண்டுபோய் விடுவார் என்பதை ஏற்பாடாக நினைக்காதீர்கள். அந்த 'யாரோ' யார் என்பது பெண்களுக்குப் பெரிய கேள்வி.

3. குளிர், மழை, அட்டை

விருந்தாளிக்கு கீசர், ஹீட்டர், ரஜாய். அவருக்குக் காலை ஆறு மணிக்குக் காபி கொண்டுபோகிற பையன் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வருகிறான். ஊட்டியில் ஒரு ஹோட்டல் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமென்றால் நான் வரவேற்பறையைப் பார்க்க மாட்டேன், ஆட்கள் தங்கும் அறையைத்தான் பார்ப்பேன். வெந்நீர், காய்ந்த கம்பளி, ஈரத்துணி காயப்போட ஓர் இடம். டிசம்பர், ஜனவரி உறைபனியில் இவை சலுகைக் கணக்கில் வராது.

இதில் ஓர் எச்சரிக்கை. குளிருக்கு இரக்கப்பட்டுக் கரி அடுப்பையோ தணல் சட்டியையோ தங்கும் அறைக்குள் கொடுத்துவிடாதீர்கள். கதவு சன்னலைச் சாத்திவிட்டுத் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு நிறைந்துவிடும். அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். ஒரு கம்பளி கூடுதலாகக் கொடுங்கள், அல்லது கரண்ட் ஹீட்டர் வைத்துக் கொடுங்கள்.

தோட்டத்துக்கு மழைக்கோட்டு, இடுப்பில் கட்டும் படங்கு, அட்டை ஏறாத காலுறை, குடிக்கச் சூடாக ஏதாவது. கூடலூரில் ஜூன் பிறந்தால் இவை தயாராக இருக்க வேண்டும். ஜூலையில் டெண்டர் விடுகிற நிர்வாகத்தைப் பற்றி என்ன சொல்ல. குடிநீர், கழிப்பிடம், வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் எல்லாவற்றையும் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே கேட்டது. பெண்கள் பாதிக்கு மேல் வேலை செய்யும் தேயிலைக் காட்டில் மறைவிடம் இல்லாமல் இருப்பது அன்பின்மைக்கு முன்னால் சட்ட மீறல்.

கனமழைக்கு ஒரு திட்டமும் கையில் வேண்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ரோடு துண்டித்தால் யாரை எங்கே தங்க வைப்பது, சோறு யார் ஆக்குவது, வர முடியாதவருக்கு அன்றைய கூலி உண்டா என்பதை வெயில் நாளில் பேசி முடித்து எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். என் கருத்து கேட்டால், கூலி உண்டு.

4. காலையில் பத்து நிமிஷம்

பெரட்டு, அதாவது காலையில் ஆள் கணக்கு, எடுக்கும்போதோ ஷிப்ட் மாறும்போதோ, எல்லோருக்கும் முன்னால் நீங்கள் போய் நிற்க வேண்டும். இன்று என்ன வேலை, எங்கே ஆபத்து, நேற்று என்ன நன்றாக நடந்தது. மூன்றும் பத்து நிமிஷத்தில் முடியும். பாராட்டும்போது வேலையைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். "எல்லாரும் சூப்பர்" என்றால் யார் காதிலும் ஏறாது. "நேத்து மூணாம் நம்பர் காட்டுல முத்தல் இலை கலக்காம வந்துச்சு, ஃபேக்டரியில சொன்னாங்க" என்றால் அந்தக் காட்டில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

கூட்டத்தில் வைத்துச் சொந்த விஷயம் விசாரிக்காதீர்கள். "உங்க பையனுக்கு உடம்பு தேவலையா" என்பதை நடந்து போகும்போது பக்கத்தில் வந்து கேட்க வேண்டும். கேட்டால் பதிலையும் நின்று கேட்க வேண்டும்.

மரியாதை எல்லோருக்கும் ஒரே அளவு. மேஸ்திரியை "வாங்க" என்றும் பெருக்குகிற பாட்டியை "வா" என்றும் கூப்பிடுகிற வழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. பழங்குடி ஆட்களிடம் பேசும்போது இது இன்னும் மோசம். பணியர், குறும்பர் பெரியவர்களை நேற்று வந்த கிளார்க் ஒருமையில் கூப்பிடுவான். இதை நீங்கள் கண்ட இடத்தில் நிறுத்த வேண்டும். ஜார்க்கண்டிலிருந்து வந்து கொழுந்து பறிக்கிறவர்களிடம் சத்தமாகப் பேசினால் தமிழ் புரிந்துவிடாது. அவர்கள் மொழியில் தண்ணீர், வலி, போதும், பயம், லீவு, சாப்பாடு ஆகிய சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள். இயந்திரத்தை நிறுத்து என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. தவறு நடந்தால்

அன்பான தலைமைக்குப் பரீட்சை இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். தவறைக் கண்டுகொள்ளாமல் விடுவதை அன்பு என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது சோம்பல். நேரம் கழித்து ஒருநாள் மொத்தமாக வெடிப்பார்கள். தவறை அன்றே, தனியாக, வேலையைப் பற்றி மட்டும் பேச வேண்டும்.

ஒரு மாதிரி. தேயிலைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் சரக்கு கருகிவிட்டது. காலையில் வந்த சூப்பர்வைசர் வயதில் இளையவர், தேயிலையைக் காயவைக்கும் டிரையரைப் பார்க்கிறவர் மூத்தவர்.

"அண்ணா, ராத்திரி சரக்குல கருகின வாசம் வருதுங்க. டிரையர்ல என்ன ஆச்சு?"

"விறகு ஈரமா இருந்துச்சுங்க சார். சூடு ஏறவே இல்ல. அப்புறம் ஒரேயடியா ஏறிடுச்சு."

"விறகு எப்படி நனைஞ்சுது?"

"கொட்டாய்த் தகரம் போய் ஒரு மாசம் ஆச்சுங்களே. ஆபீஸ்ல சொன்னோம்."

"சரிங்கண்ணா. தகரத்தை இன்னிக்கே நான் பாக்கறேன். சூடு நிக்கலைன்னா அடுத்த தடவை ராத்திரி எந்நேரம் ஆனாலும் எனக்கு ஒரு போன் போடுங்க. கருகின சரக்கைத் தனியா வெச்சிடலாம், நல்லதோட கலக்க வேண்டாம்."

இதில் கத்தியிருந்தால் தகரம் வெளியே வந்திருக்காது. கருகிய சரக்கு நல்ல சரக்கோடு கலந்து ஏலத்துக்குப் போயிருக்கும். எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் மருந்து தருவதில் நடக்கும் தவறுகளை எண்ணிப் பார்த்தார். நல்ல தலைமை உள்ள குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்ததாகத் தெரியவில்லை. பயமில்லாமல் சொன்னார்கள். பயந்த இடங்களில் தவறுகள் மறைந்து கிடந்தன. தேயிலையை நொறுக்கும் சிடிசி ரோலர் ஓடுகிற தொழிற்சாலையில் "கை மாட்டப் பார்த்துச்சு" என்று ஒருவர் வந்து சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று அங்கே வேலை பார்த்தவருக்குத் தெரியும். அப்படிச் சொன்னவருக்கு அன்றைய பெரட்டில் எல்லோர் முன்னாலும் நன்றி சொல்லுங்கள்.

இரண்டு விஷயங்களுக்கு மட்டும் மென்மை வேண்டாம். குடித்துவிட்டு இயந்திரத்திடம் வருவது, பெண்களிடம் அத்துமீறுவது. முதலாவதுக்கு உடனே வீட்டுக்கு அனுப்ப வேண்டும், கூட ஓர் ஆளைத் துணைக்கு அனுப்பி. இரண்டாவதைக் கீழே சொல்கிறேன்.

6. நல்ல காடு யாருக்கு, செங்குத்துக் காடு யாருக்கு

உங்கள் ஊர்க்காரர், உங்கள் மொழிக்காரர், உங்களோடு நன்றாகப் பேசுகிறவர் மீது பிரியம் தானாக வரும். தடுக்க முடியாது. அந்தப் பிரியம் வேலைப் பட்டியலில் ஏறாமல் தடுக்கலாம். ரோட்டோரச் சமவெளிக் காடும், அட்டையும் சரிவும் உள்ள தூரத்துக் காடும் வாராவாரம் மாறி மாறி வர வேண்டும். ஹோட்டலில் டிப்ஸ் விழும் டேபிள்கள், ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி, பேக்கரியில் விடிகாலை அடுப்பு எல்லாவற்றுக்கும் இதே முறை. பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள். மாற்ற வேண்டி வந்தால் காரணத்தையும் எழுதுங்கள்: "கர்ப்பிணி, கீழ்க்காடு." அதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

7. லீவு

ஏப்ரல், மே சீசனில் ஊட்டியில் லீவு கேட்பது குற்றம் போல ஆகிவிடுகிறது. மலர்க் கண்காட்சி வாரத்தில் தாத்தா செத்தால்கூடத் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். பிப்ரவரியிலேயே உட்கார்ந்து சீசனுக்கான லீவுப் பட்டியலை அவர்களையே போடச் சொல்லுங்கள். ஆளுக்கு எத்தனை நாள் என்பதை நீங்கள் சொல்லுங்கள், எந்த நாள் என்பதை அவர்கள் பேசி முடிக்கட்டும். சாவுக்கும் பிரசவத்துக்கும் பட்டியல் கிடையாது, கேட்டதும் அனுப்ப வேண்டும்.

திருவிழா நாட்காட்டி ஒன்றும் வேண்டும். ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் படுகர்கள், ஓணத்துக்குக் கூடலூர் மலையாளிகள், கிறிஸ்துமஸ், ரம்ஜான், பொங்கல், ஜார்க்கண்ட் ஆட்களுக்கு சர்ஹுல். இத்தனை வகை ஆட்கள் ஒரே இடத்தில் இருப்பது சின்ன முதலாளிக்கு வரம். ஒருவர் பண்டிகைக்கு மற்றவர் வேலை பார்ப்பார்.

8. எல்லை எங்கே

"நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்ற வசனம் பெரும்பாலும் ஓவர்டைம் கேட்கும் முன்னால்தான் வரும். ஆட்களும் இதைக் கவனித்து வைத்திருக்கிறார்கள். சொல்லாமல் இருப்பது நல்லது.

முன்பணம் இன்னொரு பொறி. மகள் கல்யாணத்துக்கு, வீட்டுக் கூரைக்கு என்று கேட்கும்போது மனமிரங்கிப் பெரிய தொகை கொடுத்துவிடுகிறோம். அந்தக் கடனே அவரை வேறு வேலைக்குப் போக விடாமல் கட்டிவிடும். கடனைக் காட்டி ஆளை நிறுத்தி வைப்பது 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி குற்றம். கொடுப்பதாக இருந்தால் சின்னத் தொகை, எழுத்தில், பிடித்தம் எவ்வளவு என்பது தெளிவாக. வேலையை விட்டுப் போனாலும் போகலாம், பாக்கியைத் தவணையில் கட்டலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

தோளில் கை போடுவது, ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் "சாப்பிட்டாச்சா" என்பது, ஒரு பெண்ணை மட்டும் தனியாகக் கூப்பிட்டு ஆறுதல் சொல்வது: இவை எதுவும் இந்த வழிகாட்டியில் கிடையாது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் தொல்லை குறித்த உள் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவராக மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியாள் ஒருவர். 10 பேருக்குக் குறைவாக இருந்தால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். குழுவில் யார் யார் என்ற தாள் பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கட்டும். அங்கேதான் யாரும் பார்க்காமல் படிக்க முடியும்.

9. நடுவில் இருப்பவர்

துரை மேனேஜரைத் திட்டுகிறார், மேனேஜர் கண்டக்டரை (தோட்ட மேற்பார்வையாளரை), கண்டக்டர் மேஸ்திரியை, மேஸ்திரி கொழுந்துக்காரப் பெண்களை. தோட்டத்தில் கோபம் சரிவில் இறங்குவது போல இறங்கும். ஆகவே நீங்கள் மேலே இருந்தால் உங்கள் அன்பு முதலில் மேஸ்திரிக்குத்தான் போக வேண்டும். அவருக்கும் கிலோக் கணக்கு நெருக்கடி இருக்கிறது, அவருக்கும் முட்டி வலி. மாதம் ஒருமுறை அவரை உட்கார வைத்து, எது அவர் வேலையைக் கடினமாக்குகிறது என்று கேளுங்கள். கிலோவை மட்டும் வைத்து அவரை மதிப்பிடாதீர்கள். அவர் ஆட்களில் எத்தனை பேர் வருஷ முடிவிலும் அவரோடு இருக்கிறார்கள் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

10. ஒருவரை அனுப்ப வேண்டி வந்தால்

ஆள் குறைக்காமல் முடியாது என்ற நிலை வரும். பச்சைத் தேயிலை விலை விழுந்தால் இந்த மலையில் எல்லோருக்கும் வரும். நேரில், நீங்களே சொல்லுங்கள்; கிளார்க்கை அனுப்பாதீர்கள். சுற்றி வளைக்காமல் காரணம் சொல்லுங்கள். வேலையை விட்டு நீக்கினால் இரண்டு வேலை நாட்களுக்குள் கூலி பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்கிறது 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு. பி.எஃப். காகிதம், அனுபவச் சான்றிதழ் எல்லாம் அவர் கேட்கும் முன் கையில் கொடுங்கள். குன்னூரில், கோத்தகிரியில் தெரிந்தவர்களிடம் அவருக்காக இரண்டு போன் போடுங்கள். அந்த இரண்டு போனை மீதி இருக்கும் ஆட்களும் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

எங்கிருந்து தொடங்குவது, எப்படி அளப்பது

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்ய வேண்டாம். முதல் மாதம் சம்பளத் தேதி, தராசு, பஸ் நேரம் மட்டும். இரண்டாம் மாதம் சுவரில் பட்டியல், புகார்க் குழு. பெரட்டுப் பேச்சும் பாராட்டும் அதற்கு அப்புறம் வரட்டும். வரிசையை மாற்றிப் பாராட்டில் தொடங்குகிறவர்களை ஆட்கள் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

ஆறு மாதம் கழித்துப் பாருங்கள். திங்கட்கிழமை எத்தனை பேர் வரவில்லை? தவறு நடந்ததை யார் முதலில் சொல்கிறார்கள், செய்தவரா, பார்த்தவரா? போன சீசனுக்கு வந்தவர்களில் எத்தனை பேர் இந்த சீசனுக்கும் வந்தார்கள், கூட யாரையாவது கூட்டி வந்தார்களா? பிறகு, போன வருஷம் வேலையை விட்டுப் போன இருவரைக் கூப்பிட்டு ஏன் போனீர்கள் என்று கேளுங்கள். சொல்வதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், மறுத்துப் பேச வேண்டாம்.